நாரைக்கு வந்த நாற்காலி

ஒரு காட்டில், கடையைத் திறந்த சூட்டோடு கரடி “எழும்பு” என்றது. நாற்காலியில் இருந்த நாரை எழும்பவில்லை.

“ஏ இசக்கி, உன்னத்தான். வாசல்ல ஆள் நிக்கு.”

“உட்காந்தே காட்டுதேன் அண்ணாச்சி. கழுத்து எட்டும்.”

எட்டியது. நாரை இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி, மேல்தட்டிலிருந்த தேங்காய் நார்ப் பொதியை அலகால் இழுத்து, வாசலில் நின்ற தூக்கணாங்குருவித் தம்பதியின் முன்னால் போட்டது. கரடிக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதனால் கோபம் கூடியது. தம்பதி பொதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் பறந்தார்கள்.

லிங்கத்துரை என்கிற அந்தக் கரடி, கூடு கட்டுகிற சாமான்களுக்குக் கடை வைத்திருந்தது. நார், இலவம்பஞ்சு, சருகு, உதிர்ந்த இறகு எல்லாம் அங்கே கிடைக்கும். நாரை இசக்கி விற்பனைக்கு நின்றது. கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை வேலையாள் உட்காரக் கூடாது என்பது கரடியின் அப்பா காலத்து வழக்கம். நாரை ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்து, தவம் செய்கிறது என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டார்கள். அது மற்ற காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு காட்டுச் சபை ஒரு சட்டம் போட்டது. நின்று வேலை செய்கிற எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும். கரடி சட்டத்துக்கு அடங்கிய பிராணி. உடனே ஒரு நாற்காலி வாங்கி, சுற்றியிருந்த பாலித்தீன் உறையைக் கிழிக்காமல், கல்லாவுக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரிப் போட்டது. கடைச் சுவரில் மணல் நிரப்பிய சிவப்பு வாளி ஒன்று தொங்கியது. அதை எடுத்து யாரும் நெருப்பை அணைத்ததில்லை. நாற்காலியும் அப்படியே இருக்கும் என்று கரடி நினைத்திருந்தது.

“ஆள் போயாச்சு. இப்பவாவது எழும்பு.”

நாரை லேசாக எழும்பியது. அலகைக் கீழே விட்டு, அடியில் பரப்பியிருந்த நாரின்மேல் எதையோ உருட்டியது. மறுபடி உட்கார்ந்தது.

“என்னது அது?”

“முட்டை. ஒரு பக்கமே சூடு பட்டா ஆகாது. அப்பப்பத் திருப்பி வைக்கணும்.”

“கடைக்கா முட்டை கொண்டு வருவாங்க? உன் வீட்டுக்காரன் எங்க?”

ஆண் நாரை ஆற்றுக்கு அக்கரையில், மீன் காயப்போடும் களத்தில் வேலை பார்த்தது. முன்பு அது விடியற்காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பி, பகலெல்லாம் கூட்டில் உட்காரும். ஆனால் அக்கரைக் காட்டுக்கு வேறு சபை, வேறு சட்டம். அங்கே வேலை நேரத்தைக் கூட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் இருப்பது அவரவர் விருப்பம் என்று சட்டத்தில் தெளிவாக இருந்தது. விருப்பமில்லாதவர்கள் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று களத்து முதலாளி நீர்நாயும் தெளிவாகவே சொன்னது.

“போன தடவ போட்டது ஆறிப்போச்சு அண்ணாச்சி. நான் இங்க நார் காட்டிட்டு நின்னேன். வீட்டுக்குப் போய்த் தொட்டா ஜில்லுன்னு இருக்கு.” நாரை இதைப் பொதியின் விலையைச் சொல்வதுபோலச் சொன்னது. “இந்தத் தடவ சட்டம் இருக்கு. உட்காந்துட்டேன்.”

கரடி கடையை விட்டு இறங்கி ஆய்வாளரைப் பார்க்கப் போனது. ஆய்வாளர் ஓணான் வேலியின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“ஐயா, நாற்காலி குடுத்தாச்சு.”

ஓணான் தலையாட்டியது.

“ஆனா ஆள் வந்தா எழும்பணும்லா?”

ஓணான் தலையாட்டியது.

“அப்ப நான் எழுப்பி விட்டுருதேன்.”

அதற்கும் தலையாட்டியது. கரடி தெம்பாகத் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னது.

“முட்டையோட உட்காரலாமான்னு நான் முந்தியே கேட்டுட்டேன்” என்றது நாரை. “எனக்கும் தலையாட்டினாரு.”

“உனக்குமா?”

“அவரு யாருக்கு அண்ணாச்சி ஆட்டல?”

கரடி மேசையில் ஓங்கித் தட்டியது. “ஆய்வாளர் கிடக்கட்டும். நான் சொல்லுதேன். நாளைக்கு முட்டையோட வாரதா இருந்தா நீ வரவே வேண்டாம்.”

நாரை உட்கார்ந்தபடியே, சிதறிக் கிடந்த நார்த் துணுக்குகளை ஒதுக்கியது.

அப்போது தூக்கணாங்குருவித் தம்பதி திரும்பி வந்தார்கள். பின்னாலேயே அவர்களுடைய சொந்தக்காரர்கள் ஒரு கூட்டம்.

“எங்களுக்கு அந்த நார் வேணும்” என்றது பெண் குருவி.

“எந்த நார் தாயி?” என்றது கரடி.

“இந்த அக்கா முட்டைக்கு அடியில வச்சிருக்காங்கல்ல, அது. அவ்வளவு தூரம் கழுத்தை நீட்டிப் பொதியை இழுத்தும் முட்டை உருளவே இல்லையே. வேற எந்தக் கடையில இப்படி வச்சுக் காட்டுறாங்க?”

சாயங்காலத்துக்குள் நார்ப் பொதிகள் தீர்ந்துவிட்டன. மறுநாள் மைனாக்கள் வந்தன, கௌதாரிகள் வந்தன. கூடே கட்டாத குயில்கூட வந்து முட்டைகளை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. கரடி அதை மட்டும் வெளியே அனுப்பிவிட்டது.

அதற்குப் பிறகு நாரை கழுத்தைத் திருப்பினாலும் கரடி பதறியது. “எங்க எழும்புத? இரி இரி. தண்ணி நான் கொண்டு வாரேன்.” காலை நீட்டிக்கொள்ளக்கூட நாரையை விடவில்லை. பாலித்தீன் உறையைத் தானே கிழித்தது. உட்காருவது உரிமையாக இருந்தபோது நாரைக்கு முதுகு வலிக்கவில்லை. வேலையாக மாறியதும் வலிக்கத் தொடங்கியது. ஆனால் முட்டைகள் சூடாக இருந்தன.

ஒரு வேலையாளை நாள் முழுக்க உட்கார வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி காட்டுச் சபைக்குப் போனது. சபை வருத்தப்பட்டது. உடனே சட்டத்தைத் திருத்தியது. உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இனி எழுந்து நிற்கும் உரிமை உண்டு.

ஓணான் அதைச் சொல்ல வந்தபோது கடையில் நிற்க இடமில்லை.

“இந்தம்மா கொஞ்ச நேரம் நிக்கணும்” என்றது.

“எனக்கு வேண்டாம்யா. முட்டை ஆறிரும்” என்றது நாரை.

ஓணான் தலையாட்டியது. “நிக்கலைன்னா கடையைப் பூட்டணும்.”

கடையைப் பூட்டினால் நாற்காலியும் உள்ளே போய்விடும் என்பது நாரைக்குப் புரிந்தது. கரடிக்குக் கடை மட்டும் புரிந்தது.

“வேற ஆளைப் பிடிச்சு உட்கார வச்சா?” என்றது கரடி.

“ஒருத்தர் நாற்காலியில இன்னொரு வேலையாள் உட்காரக் கூடாது.”

“நான் உட்காந்தா?”

ஓணான் முதல்முறையாகத் தலையை ஆட்டாமல் யோசித்தது. “முதலாளி உட்காருறதைப் பத்திச் சட்டத்துல ஒண்ணுமே இல்லை. அவர் உட்காந்துதானே இருப்பாருன்னு விட்டிருப்பாங்க.”

கரடி நாற்காலியை நெருங்கியது. நாரை அதன் பின்பக்கத்தின் அகலத்தைப் பார்த்தது.

“அண்ணாச்சி, உட்காந்துராதிய.”

“பின்ன?”

“உட்காருத மாதிரி நில்லுங்க. ரோமம் படணும். கனம் படக் கூடாது.”

நாரை எழுந்து விலகியது. கரடி முழங்காலை மடித்து, முட்டைகளுக்கு மேலே பாதியில் நின்றது. அடிவயிற்று ரோமம் முட்டைகளைப் போர்த்தியது. தொடை நடுங்கியது. ஓணான் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இது உட்காருவதா நிற்பதா என்று அதற்குப் பிடிபடவில்லை. தலையாட்டிவிட்டு வெளியேறியது.

ஒரு மைனா கேட்டது: “அந்தப் பஞ்சை எடுங்க. அது இல்ல, அதுக்கு அடுத்தது. வேற கலர் இல்லியா?”

நாரை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டது.

“ஏ இசக்கி, இன்னும் எவ்வளவு நேரம் நிப்ப?”

“ஆள் இருக்குலா அண்ணாச்சி.”

“கால் கடுக்குதுட்டி.”

“ஒரு கால்ல நில்லுங்க. பொறவு மாத்திக்கிடலாம். பழகிரும்.”

மைனா எல்லாப் பஞ்சையும் பிரித்துப் பார்த்தது. பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனது. நாரை ஒரு காலை மடக்கி நின்றுகொண்டு பொதிகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கியது. கரடி ஒரு கையைப் பின்னால் விட்டு, நகம் படாமல் விரல்களை மடக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக மறுபக்கம் திருப்பி வைத்தது.

நீதி: சட்டம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, முதலாளிக்கு அடிவயிற்றில் ரோமம் இருக்க வேண்டும்.