எழும்பாத சிவப்புக் குச்சி

"மொதலாளி, குச்சி எழும்ப மாட்டேங்குது!"

அந்தனியின் கத்தல் எஞ்சின் இரைச்சலில் பாதிதான் கீழே போய்ச் சேர்ந்தது.

கேகாலைக்கு அருகே மூடிக்கிடந்த இறப்பர் தொழிற்சாலையின் முற்றத்தில் அந்தப் பழைய போர் விமானம் உறுமிக்கொண்டிருந்தது. ஸஹாப்தீன் முதலாளி பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அந்தனி இரண்டு வருடம் பாடுபட்டு அதற்கு உயிர் கொடுத்திருந்தான். எஞ்சின் பத்து நிமிடம் நிற்காமல் ஓடினால், பழம்பொருட்களைக் காட்சிக்கு வைக்கும், கொழும்பிலிருந்து வந்திருந்த தனியார் நூதனசாலைக்காரர்கள் விமானத்தோடு அந்தனியையும் வேலைக்கு அழைத்துப்போவார்கள். எஞ்சின் எரிந்தால் வேறு எஞ்சின் கிடையாது.

விமானத்தின் வயிற்றுக்கடியில், ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு தகட்டுக் கதவு. திறந்தால் காற்று ஓடி எஞ்சின் குளிரும். உட்கார்ந்த இடத்திலிருந்து விமானிக்கு அது தெரியாது. அதற்காகத்தான் கதவோடு இணைந்த ஒரு கம்பி மேலே வந்து, கண்ணாடிக்கு முன்னால் சிவப்புக் குச்சியாகத் தலைகாட்டும். கதவு எவ்வளவு திறக்கிறதோ, குச்சி அவ்வளவு உயரும். வயரும் இல்லை, பல்பும் இல்லை. வெப்பமானி இன்னும் வந்து சேராததால், அந்தனிக்கு அந்தக் குச்சிதான் ஒரே சாட்சி.

மூன்றாம் நிமிடம். விமானி இருக்கையிலிருந்த அந்தனி கதவைத் திறக்கும் கைப்பிடியைச் சுற்றினான். குச்சி அசையவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினான். கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

"கதவு மூடிக்கிட்டு நிக்குது மொதலாளி! எஞ்சின் எரிஞ்சிரும்!"

"நிப்பாட்டிராத அந்தனி! மானம் போயிரும்!"

விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறிக்கருகே யாரையும் குனிய விட முடியாது. காற்றாவது கூடட்டும் என்று அந்தனி வேகத்தைக் கூட்டினான். சக்கரத்துக்கு வைத்த கட்டை நழுவி, விமானம் விருந்தினர் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது. நாற்காலிகள் உருண்டன. அந்தனி பிரேக்கை ஓங்கி மிதித்து விமானத்தைப் பிடித்து நிறுத்தினான்.

"தண்ணி! தண்ணி ஊத்துங்க!" முதலாளி அலறினார்.

சமையலுக்கு வந்திருந்த வெள்ளையம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தூர நின்றே எஞ்சினை நோக்கி வீசினாள். விசிறிக் காற்று அதை அப்படியே அந்தனியின் முகத்தில் அறைந்தது. இப்போது குச்சியும் தெரியவில்லை, கடிகாரமும் தெரியவில்லை. மாதாவே மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சரி! பத்து நிமிஷம்!" நூதனசாலைக்காரர் கைதட்டினார்.

எஞ்சினை நிறுத்தி, அந்தனி இறங்கி ஓடினான். ரேடியேட்டரைத் தொட்டான். வெறும் வெதுவெதுப்பு. நம்ப முடியாமல் குனிந்து பார்த்தான். கதவு இருக்கவேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை.

"கதவு எங்க?"

"அந்தத் தகடா தம்பி?" என்றாள் வெள்ளையம்மா. "ரெண்டு ஆணிய உருவுனேன், வந்துருச்சு. காலையில இவங்களுக்கெல்லாம் அதுலதான் ரொட்டி சுட்டேன். ஒண்ணுகூடக் கருகல."