துப்பாக்கி உறையும் சம்பந்தியின் சாறனும்

நிறையத் தெரிந்தவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பழைய கைத்துப்பாக்கி உறைகளைப் பற்றி எனக்கு அரைகுறையாகத் தெரியும்.

துப்பாக்கி அல்ல, உறை மட்டும். வெள்ளைக்காரன் காலத்து அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த தோல் உறைகள். (யுத்தம் நடந்த எங்கள் மாவட்டத்தில் இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது "அப்ப துவக்கு எங்க?" என்பதுதான். கேட்டுவிட்டு ஒருதரம் வாசலைப் பார்ப்பார்கள்.) காத்தான்குடியில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். ஆகவே வீடும் என் மனைவி நஸீராவுடையது, கண்ணாடி அலுமாரியும் அவளுடையது. அதன் கீழ்த்தட்டை மட்டும் எனக்குத் தந்திருந்தாள். "ஒங்கட செத்த தோலெல்லாம் அதுக்குள்ளேயே கிடக்கட்டும்" என்பது ஒப்பந்தம்.

நஸீராவின் தங்கை ரிஸ்னாவுக்கு ஓட்டமாவடியில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம். அதற்கு முன் பேசிய இடங்கள் தட்டிப்போனதில் அவர்களின் உம்மா, என் மாமி, இளைத்துப்போயிருந்தார். இதாவது கைகூட வேண்டும் என்று நோன்பு பிடித்தார். மாப்பிள்ளையின் வாப்பா, அரிசி ஆலை ஹாஜியார், தன் தம்பிமாரோடு பகல் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மாமி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, முற்றம் முழுவதும் சீமெந்து போட்டுவிட்டார். எனக்குத் தந்த வேலை ஒன்றே ஒன்று: சாப்பாடு வரும்வரை வந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பது.

ஹாஜியார் அதிகம் பேசாத மனிதர். மழை, நெல் விலை, பொலன்னறுவை பஸ் எல்லாம் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. பிறகு அவர் பார்வை அலுமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது.

"அது என்ன மகன்?"

கேட்டிருக்கக் கூடாது. இருப்பதிலேயே நல்ல உறையை வெளியே எடுத்தேன். அன்று காலையில்தான் பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தேன். மூடி, பித்தளைக் குமிழ், தையல் என்று விளக்க விளக்க, அது கைக்குக் கை மாறியது. ஹாஜியார் எழுந்து, வெள்ளைச் சாறனுக்கு மேல் இடுப்புவாரில் அதைச் செருகிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"காக்கா, பெரிய பொலிஸ் ஐயா மாதிரி இரிக்கிங்க" என்று அண்ணனைச் சீண்டினார் தம்பி ஒருவர். ஹாஜியார் சிரித்தார். திரைக்குப் பின்னால் மாமியும் சிரித்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "தோலப் பாத்தே என்ன மிருகமெண்டு செல்லலாம் ஹாஜியார்" என்றேன். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்த திமிர். "மாட்டுத்தோல்ல மயிர்த்துளை பரவலாக் கிடக்கும். ஆட்டுத்தோல்ல வரிசையா நிற்கும். மூணாவது ஒண்டும் இரிக்கி, அது நமக்குத் தேவல்ல."

அந்த மூன்றாவதில் துளைகள் அடுப்புக் கல் வைத்த மாதிரி மும்மூன்றாக நிற்கும். முந்தின நாள்தான் தபாலில் வந்த பூதக்கண்ணாடியை உறையின் மேல் வைத்தேன். என் உறையை நானே அதில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அடுப்புக் கல். பக்கத்தில் இன்னொரு அடுப்பு. தோல் முழுக்க அடுப்பு.

என்ட றப்பே, பன்றி!

"சஹன் வெச்சாச்சி, வாங்க" என்று மாமி உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

பன்றி ஈரத்தோடு பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. அதுதான் எங்கள் சட்டம். எண்ணெயும் ஈரம்தானே. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைவைக்கும் சஹன் சாப்பாடு அது. வந்தவர்கள் சாதாரணமாகக் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 'அதுதான் கழுவிட்டாங்களே, வாயப் பொத்து' என்றது மனம். பேசாமல் இருந்தால் ரிஸ்னாவின் கலியாணம் நடக்கும். மாமி சோறு தின்பார். ஒருவருக்கும் தெரியவராது. ஹாஜியார் பிஸ்மி சொல்லிக் கையைச் சோற்றுக்குக் கொண்டுபோனார்.

"கை வெய்க்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ஆடு கத்தியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்த உறை... மாடில்ல ஹாஜியார்."

"அப்ப?"

"மூணாவது."

திரைக்குப் பின்னால் ஏதோ விழுந்து உடைந்தது. ஹாஜியார் தன் கையைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பார்த்தார். "மண் எங்க கிடக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மண்ணா? மாமிதான் முற்றத்தில் ஒரு பிடி மண் விடாமல் சீமெந்து போட்டிருந்தாரே! கடைசியில் மாமியே தன் ரோசாச்செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுப் பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்தார். அதைச் சுற்றிக் குந்தியிருந்து ஓட்டமாவடிப் பெரிய மனிதர்கள் கைகளில் சேறு பூசிக்கொண்டார்கள். நானும் பூசிக்கொண்டேன். ஹாஜியாரின் சாறனும் கழுவப்போனது. அவருக்கு என்னுடைய வீட்டுச் சாறன் கிடைத்தது. வெளிறிப்போன கட்டம் போட்டது. அவர் நெடிய ஆள், அது முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது.

சாப்பிட்டு முடியும்வரை நான் நஸீராவின் பக்கம் திரும்பவேயில்லை.

போகும்போது ஹாஜியார் வாசலில் நின்றார். மாமி திரைக்குப் பின்னால் அழுவது எல்லோருக்கும் கேட்டது.

"என்ட சாறன் ஒங்கட கொடியில கிடக்கு. ஒங்கட சாறன் என்ட இடுப்புல இரிக்கி" என்றார். "இனி எப்பிடி வேணாமெண்டு செல்ற? நாளக் குறிங்க."

ரிஸ்னாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அந்த உறையை நஸீரா அன்றைக்கே குறட்டால் பிடித்து வெளியேற்றிவிட்டாள். ஆனால் ஊர் என்னை விடவில்லை. வெளிநாட்டிலிருந்து சப்பாத்து வந்தாலும், கைப்பை வந்தாலும் முதலில் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். ஏறாவூரிலிருந்துகூட வருகிறார்கள். என் பெயர் பலருக்குத் தெரியாது. 'ஏழு தண்ணி மாஸ்டர்' என்றால் ஓட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார்.

போன வாரம் ஹாஜியார் சம்பந்தி தொலைபேசியில் கூப்பிட்டார். சவூதியிலிருந்து மகன் ஒரு தோல் இடுப்புவார் அனுப்பியிருக்கிறானாம். படம் எடுத்து அனுப்பியிருந்தார். துளைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"மாடுதான் சம்பந்தி, பயப்படாமக் கட்டுங்க."

"நல்லாப் பாத்திங்களா?"

"நல்லாப் பாத்தன்."

"எதுக்கும் நேருல கொண்டு வாறன். நீங்க ஒரு சாறன எடுத்து வெய்ங்க."