தாம்பாள ஷவரும் தலைதீபாவளியும்

ஒரத்தநாடு,
தீபாவளி கழிந்து ஒன்பதாம் நாள்

அன்பு மைத்துனர் தியாகராசனுக்கு, துரைராசு எழுதியது.

இங்கே நானும், உன் அக்கா மங்களாம்பிகையும், என் மோட்டார் கடையில் விற்காமல் கிடக்கும் பதினோரு பிரஷர் பம்பும் சுகம். அங்கே நீயும் கலைமகளும், பூச்சு வேலையில் நிற்கும் உங்கள் புதுவீடும் சுகமாக இருக்க வேண்டும்.

"ஷவருக்கு அறுபத்திரண்டாயிரம் சொல்றாங்க மச்சான், தகுமா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் உன் அக்கா காதில் விழும். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தகாது. வாங்காதே. காரணத்தைக் கேள்.

வானதிக்கு இது தலைதீபாவளி. "ரெண்டு நாள்தாம்பா இருப்போம், அவருக்கு நம்ம பாத்ரூம் ஒத்துக்காது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கல்யாணமாகி ஏழு மாதத்தில் என் பெண் என் வீட்டுக்கே விருந்தாளி. கூட நாலு நாள் அவளை வைத்துக்கொள்ள என்ன விலையானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது. வியாபாரிக்கு அப்படித் தோன்றவே கூடாது. தஞ்சாவூரில் ஒரு ஏசி கடையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். நான் யாருக்கும் காபி கொடுத்து மோட்டார் விற்றதில்லை, அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஷவரைக் காட்டி, "மழையில நனையற மாதிரியே இருக்கும் சார்" என்றான் கடைப் பையன். ஐப்பசி மாதத்தில், டெல்டாக்காரனுக்கு, மழையை விலைக்கு விற்கிறான்! வாங்கிவிட்டேன்.

பிளம்பர் ஆசீர்வாதம் பொருத்தும்போதே தலையைச் சொறிந்தார். "அண்ணே, டேங்க் இதுக்கு மேல நாலடிதான் இருக்கு. தண்ணி வேகமா வராதே." "அறுபத்திரண்டாயிரம் கொடுத்திருக்கேன்யா, வராம எங்க போகும்?" என்றேன். தண்ணி எத்தனை அடியில கிடக்கு, எவ்வளவு உயரம் ஏறணும் என்று கேட்காமல் இருபத்தெட்டு வருஷத்தில் எந்த விவசாயிக்கும் நான் பில் போட்டதில்லை. என் வீட்டுக்கு மட்டும் கேட்கவில்லை.

தீபாவளி விடியலில் உன் அக்கா, மாப்பிள்ளை அரவிந்தன் தலையில் கால் லிட்டர் நல்லெண்ணெயை வைத்து, சீயக்காயையும் கொடுத்து உள்ளே அனுப்பினாள். கால் மணி கழித்து, "மாமா... தண்ணி எப்ப வரும் மாமா?" என்று ஒரு குரல். போய்ப் பார்த்தால் தாம்பாளம் முழுக்கத் துளிகள் தொங்குகின்றன, ஒன்றுக்கும் விழ மனசில்லை. மாப்பிள்ளை முகமெல்லாம் சீயக்காயோடு கண்ணை இறுக்கி மூடி நிற்கிறார். "வாளி எங்கடி?" என்றேன். "புது ஷவருக்குப் பொருந்தலைன்னு நீங்கதானே தூக்கிப் போட்டீங்க!" என்று உன் அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

நான் அசரவில்லை. துண்டோடு அவரை பைக்கில் ஏற்றினேன். தெருவே வெடியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. நேரே வயலுக்குப் போய் போர்செட்டைப் போட்டேன். நானே பார்த்துப் பொருத்திய ஐந்து எச்.பி. மோட்டார், தொடை கனத்துக்குத் தண்ணீர் கொட்டியது. "ஐயோ மாமா!" என்று கத்தினார், அவ்வளவு சந்தோஷம். பல் கிடுகிடுக்கச் சிரித்தார்.

பலனைக் கேள். இரண்டு நாளுக்கு வந்தவர் ஆறு நாள் இருந்தார்! வீட்டை விட்டு, ஏன், கட்டிலை விட்டே நகரவில்லை. நம் வீட்டுச் சுக்குக் கஷாயம் பிடித்துப்போய் மூன்று வேளையும் கேட்டு வாங்கிக் குடித்தார். புறப்படும்போது கண் சிவந்து, குரல் கட்டி, பேச்சே வரவில்லை. பாசம்! அறுபத்திரண்டாயிரம் செய்யாததை ஒரு போர்செட் குழாய் செய்துவிட்டது.

உங்கள் வீடு சீக்கிரம் குடியேறும் நிலைக்கு வரட்டும். தொட்டி என்றும் நிறைந்திருக்கட்டும், மோட்டாரை நிறுத்த மட்டும் மறக்காதே. கலைமகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
துரைராசு

பி.கு.: தபாலில் போட மறந்து இரண்டு நாள் இது சட்டைப் பையிலேயே கிடந்தது. நேற்று வானதி போன் செய்தாள். "அப்பா, அவருக்கு இருமல் இப்பதான் நின்னுச்சு. அந்த ஆறு நாளும் காய்ச்சல். உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லக்கூடாதுன்னுட்டார். பொங்கலுக்குப் பத்து நாள் லீவு போட்டிருக்கோம். ஷவர்ல தண்ணி வருமாப்பா?"

கடையிலிருந்து ஒரு பிரஷர் பம்பை எடுத்துப்போய் இன்று காலை பொருத்தியாகிவிட்டது. உன் அக்கா உள்ளே போய் முக்கால் மணி நேரமாகிறது, கூப்பிட்டால் பதிலில்லை, பாட்டுச் சத்தம்தான் வருகிறது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. ஷவரை வாங்கிவிடு. பாக்கிப் பத்து பம்பில் ஒன்றில் உன் பெயரை எழுதித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது காபி தருகிறேன்.