காணாமல் போன அந்தோணியார்

குற்றச் செய்தி எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் எல்லாரும் திருடர்களாகத் தெரிவார்கள். தன் வீடு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அது முற்றியிருந்த சமயம், எங்கள் நாளிதழில் ஓவியத் திருட்டுகளைப் பற்றி ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். (வாசகர்கள் இருவர். ஒருவர் பிழைதிருத்துபவர்.)

தவக்காலத்தின் கடைசி வாரங்கள். ஜோகுபாளையத்தில் எங்கள் கோயிலில் சுரூபங்கள் என்கிற சிலைகளையும் படங்களையும் வழக்கம்போல ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். ஈஸ்டர்வரை திறக்க மாட்டார்கள். காலைப் பூசை முடிந்ததும் அந்தோணியாரின் பழைய எண்ணெய் ஓவியத்தைத் துணியோடு தொட்டுக் கும்பிடக் கை நீட்டினேன். கை உள்ளே போய்ச் சுவரில் இடித்தது. துணியைத் தூக்கினால் வெறும் சட்டம்.

"திருட்டு!" என்று கத்தினேன்.

"காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கற சாமியே காணாமப் போயிட்டாரா? இனி யாருகிட்ட போய் வேண்டிக்கறது?" என்றார் பின்வரிசை மேரியம்மா.

பங்குச் சாமியார் வெளியூரில், தியானத்தில். போன் அணைந்திருந்தது. தெரிந்த சப் இன்ஸ்பெக்டர் நஞ்சப்பாவை அழைத்தேன். வந்தார்.

"வெளியாள் வேலை இல்ல சார்," என்று விளக்கினேன். "ஆணியெல்லாம் பக்குவமாக் கழட்டியிருக்கு. துணி மூடற நேரம் பாத்து எடுத்திருக்காங்க. உள்ள இருக்கறவங்கதான்."

சாவி, கோயிலைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சின்னப்பனிடம்தான் இருக்கும்.

"ஏன்ரீ, ஃபோட்டோ எல்லி?" படம் எங்கே என்று நஞ்சப்பா கன்னடத்தில் அவரைக் கேட்டார்.

"தெரியும் சார். சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிருக்கேன்."

"யாரு மேல?"

"அந்தோணியார் மேல."

"பெரிய கும்பல் சார்," என்று நஞ்சப்பாவின் காதில் ஓதினேன்.

பங்குப் பேரவைச் செயலர் சாவிக்கொத்துக்குக் கை நீட்டினார். சின்னப்பன் இடுப்பிலிருந்து அதை அவிழ்த்துக் கொடுத்தபோது சாவிகள் கலகலவென்று ஆடின. வேலை போயிற்று, அடுத்தது ஜீப். அவரை ஏற்றப்போகும் நேரத்தில், விரலெல்லாம் பெயின்ட்டோடு என் மனைவி ஸ்டெல்லா ஓடி வந்தாள். அவள் பள்ளியில் ஓவிய ஆசிரியை.

"அவர விடுங்க சார். படம் எங்க வீட்லதான் இருக்கு."

"எங்க வீட்லன்னா?" என்றேன்.

"நம்ம வீட்ல."

நஞ்சப்பாவுக்குப் பின்னால் பங்கு மக்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டுக்கு ஊர்வலம் வந்தார்கள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போர்வை மூடிய ஒரு பலகை. அதன்மேல் என் ஈரத் துண்டு.

"தினமும் இதுமேலதான் துண்டு காயப் போடறாரு," என்றாள் ஸ்டெல்லா எல்லாருக்கும்.

போர்வையை விலக்கினாள். ஈரம் அரித்த கன்னம் சரியாகி, அந்தோணியார் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"துணி மூடியிருக்கறப்பவே சரிபண்ணிடும்மான்னு ஃபாதர்தான் சொன்னாரு. இவருக்கு மட்டும் தெரிய வேணாம், பேப்பர்ல போட்டுருவாருன்னாரு. அதான் சின்னப்பண்ணன்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

நஞ்சப்பா என் தோளைத் தட்டினார். "கரெக்டாதான் சொன்னீங்க சார். உள்ள இருக்கறவங்கதான்."

முதலில் சிரித்தது சின்னப்பன். செயலர் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அவரால் வாங்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க சார்," என்றார்.

ஆனால் விடவில்லை. இப்போதும் ஒவ்வொரு தவக்காலத்திலும், துணி கட்டுவதற்கு முன் மைக்கில் என் பெயர் சொல்லி அழைக்கிறார். நான் எழுந்து போய் ஒவ்வொரு சுரூபத்தையும் படத்தையும் பார்த்துத் தலையாட்ட வேண்டும். "எல்லா சாமியும் இருக்காங்களா சார்?" "இருக்காங்க." பிறகுதான் துணி. பாடகர் குழுவில் நிற்கும் ஸ்டெல்லா முகத்தைப் பாட்டுப் புத்தகத்தால் மறைத்துக்கொள்வாள். போன வருடம் மாற்றலாகி வந்த புதுச் சாமியார், இதைத் திருச்சபையின் புராதனச் சடங்கு என்று நினைத்து, எனக்குப் பின்னால் ஒருவரை மெழுகுவத்தி பிடிக்கவும் ஏற்பாடு செய்துவிட்டார்.