அசனப் பந்திக்கு ஒரு விமான நிலைய ஆலோசகர்

சிட்லபாக்கம்,
திங்கட்கிழமை.

கிறிஸ்துவுக்குள் பிரியமான எலியேசர் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் அபிகாயில் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் தேவ கிருபையால் சுகம். ஏரிக் கொசுக்களும் குறைவில்லாமல் சுகம். அங்கே கோயம்புத்தூரில் பேரக்குழந்தையைப் பார்க்கப் போயிருக்கும் நீங்களும் அத்தையும், ஜெரூஷா அக்காவும் புதுக் குழந்தையும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். குழந்தைக்கு அப்படியே உங்கள் மூக்கு என்று அத்தை சொன்னார்களாம். வளர வளரச் சரியாகிவிடும் என்று அம்மா ஆறுதல் எழுதச் சொன்னாள்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீங்கள் அதை முடித்துவிடுகிறீர்கள், அதுவும் வேறு முடிவோடு. கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். வடகிழக்கில் ஒரு மலை ஊரில் புதிதாக விமான நிலையம் வரப்போகிறது. பயணிகள் எங்கே நுழைவார்கள், எங்கே காத்திருப்பார்கள், எங்கே முட்டிக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே யோசித்து வரைந்து கொடுக்கும் பொறுப்பு எங்கள் ஆலோசனை நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் குழுவுக்கு என்னைத் தலைமையாக அனுப்புகிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். "மாமாகிட்ட கேளும்மா, அவர் என்ன சொல்றாரோ" என்றார். உங்களிடம் கேட்டேன். "உங்க அப்பா மனசு கஷ்டப்படுமேம்மா" என்று தொடங்கி, "அது என்ன வேலைம்மா? ஜனங்களை வரிசையில நிக்கச் சொல்றதுக்கு ஒரு கம்பெனி, அதுக்கு ஒரு கன்சல்டன்ட்டு? நம்ம சபையில வருஷா வருஷம் நான் சும்மா செய்யறேனே!" என்று சிரித்தீர்கள். பிறகு, "சரி, இந்த வருஷம் சபை அசனச் சாப்பாட்டுக்கு நான் ஊர்ல இல்ல. நீ நடத்து. பந்தியில சண்டை இல்லாம முடிச்சுக் காட்டு. அப்புறம் உங்க அப்பாகிட்ட நானே பேசறேன்" என்று வாக்குக் கொடுத்தீர்கள். நேற்று அசனம் முடிந்தது. ஆகவே நீங்கள் அப்பாவிடம் பேசவேண்டும். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். அவசரமாக இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிடலாம். மீதியைக் கமிட்டி ஏசுபாதம் சார் தன் பாணியில் உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

என் வேலையை நீங்கள் கேலி செய்வதில் எனக்கு வருத்தமில்லை மாமா. எங்கள் தெருவில் பாதிப்பேர் நான் ஏர்போர்ட் வாசலில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, துபாய்க்குப் போகும் பிள்ளையின் ஊறுகாய் பாட்டிலை உள்ளே விடச் சிபாரிசு கேட்கிறார்கள். நல்ல மருத்துவர் என்றால் நோயாளி நன்றி சொல்வார். நல்ல சமையல் என்றால் இன்னொரு கரண்டி கேட்பார்கள். நான் நன்றாக வேலை செய்தால் யாரும் எதையுமே கவனிக்க மாட்டார்கள். எரிச்சல் இல்லாமல் நடந்து விமானத்தில் ஏறிவிடுவார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மைக்கைப் பிடிப்பதைவிடத் தூணுக்குப் பின்னால் நின்று, மனிதர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே என் சுபாவம்.

அப்படித்தான் பழைய அசன வீடியோக்களையும் பார்த்தேன். சண்டைக்குக் காரணம் மட்டன் பிரியாணி அல்ல, நாற்காலி. ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காரட்டும் என்று நம் ஜனங்கள் பொறுப்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் இன்னொரு கரண்டி தால்சா கேட்டால் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வரும். எலும்பைக் கடித்தால் இருமல் வரும். ஒரே நாற்காலியை இரண்டு பேர் பிடித்துவிட்டால் அதுதான் நீங்கள் வருஷா வருஷம் தீர்த்துவைக்கும் சண்டை. இதை ஒழித்துக்கட்டுவது என்று நான் முடிவு செய்தேன்.

திட்டம் சுலபமானது. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் ஞாயிறு பள்ளி அறையில் உட்காரவேண்டும். அதுதான் காத்திருப்புக் கூடம். கையில் பச்சை, மஞ்சள், நீலம் என்று ஓர் அட்டை. நிறத்தைச் சொல்லி அழைத்தால் கயிறு கட்டிய வழியாகப் பக்கக் கதவில் நுழைந்து, சாப்பிட்டு, பின்கேட் வழியாக வெளியேறவேண்டும். யாரும் யாருக்கும் எதிரே வரக்கூடாது. கமிட்டியில் படம் போட்டுக் காட்டினேன். இத்தனை வருஷமும் பந்திக் கதவில் நின்று, வேண்டியவர்களைக் கண்ஜாடையிலேயே உள்ளே விட்டுவந்த ஏசுபாதம் சார் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. இதுல நான் எங்க நிக்கறேன்?"

"நீங்க நீல அட்டை சார்."

அவர் படத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார். பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பேபி அக்கா மட்டும், "அபி, பசியோட இருக்கிறவங்க கலர் பாப்பாங்களா கண்ணு? ஆனா நீ செய். உங்க மாமா செய்யும்போது மட்டும் என்ன வாழ்ந்துச்சு!" என்று ஆதரவு தெரிவித்தார். இதை எழுதியதற்கு மன்னிக்கவும். நான் கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

பந்தலும் சமையலும் பார்க்கும் சுகுமார் அண்ணாவிடம் விமான நிலையத்தில் இருப்பது போல நாடா இழுக்கும் கம்பம் கேட்டேன். "அதெல்லாம் நம்மகிட்ட லேதும்மா. கல்யாண ரிசப்ஷன் கம்பம்தான் கீது, செவப்புக் கயிறு போட்டது. இன்னா ஒண்ணு, மாலையும் கையுமா ஜோடி நிக்கிற மாரி இருக்கும். பரவால்லியா?" என்றார். பரவாயில்லை என்றேன். விளைவு, நேற்றுக் கயிற்று வழியில் நுழைந்தவர்கள் ஆளுக்கொரு இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வரிசை நகரவில்லை. பச்சை அட்டைக்காரர்கள் நகரவே மறுத்தார்கள். பச்சை என்றால் சைவப் பந்தி என்று யாரோ கிளப்பிவிட, "காணிக்கை எல்லாருந்தானே போட்டோம், எங்களுக்கு மட்டும் சாம்பாரா?" என்று ஒரே கூச்சல். எல்லா நிறத்துக்கும் ஒரே பிரியாணிதான் என்று புரியவைப்பதற்குள், குடும்பங்கள் அட்டையை மாற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டன. கணவர் மஞ்சள், மனைவி நீலம், மாமியார் பச்சை என்று நான் கொடுத்திருந்தேன். நம் ஊரில் எந்த மாமியாரும் தனியாகப் பந்தியில் உட்காரமாட்டார் என்பது எந்த விமான நிலையத்துப் புத்தகத்திலும் இல்லை.

ஆனால் என்னை உலுக்கியது காத்திருப்புக் கூடம்தான் மாமா. ஞாயிறு பள்ளி அறையில் நாற்காலிகள் நிரம்பியதும், இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உட்கார்ந்திருந்தவர்களின் பின்னால் போய் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே சாப்பாடே கிடையாது. உட்கார்ந்திருந்தவர்கள் காத்திருப்பதற்காக உட்கார்ந்தவர்கள். பின்னால் நின்றவர்கள், காத்திருப்பதற்காக உட்காருவதற்காகக் காத்திருந்தவர்கள். சத்யநாராயணன் அங்கிள் நம் சபையில்லை, எதிர்வீட்டுக்காரர், அப்பா அழைத்து வந்தவர். அவருக்குப் பின்னால் நின்ற ஜாஸ்மின் ஆன்ட்டி குனிந்து, "அங்கிள், முடிச்சிட்டீங்களா?" என்றார். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா" என்று அவர் பரிதாபமாகச் சொன்னார். "அப்ப எழுந்திருங்களேன், நான் ஆரம்பிக்கறேன்" என்றார் ஜாஸ்மின் ஆன்ட்டி. பந்திக் கூடத்திலோ பாதி நாற்காலி காலி. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. "அம்மா, தம் போட்டு எறக்கியாச்சு, ஆள் எங்கம்மா? அண்டாவப் பாத்து நானே ஜெபம் பண்ணவா?" என்று சுகுமார் அண்ணா கரண்டியோடு வந்து நின்றார். ஏசுபாதம் சார் நீல அட்டையை விசிறியாக்கி வீசிக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் முகத்தில் உங்கள் சிரிப்பு இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது, அதுவும் என் படத்தின் மேல். மலை ஊருக்குப் போய்ச் செய்யப்போகும் தவறை நம் ஆலயம் இருக்கும் செம்பாக்கம் ஏரிக்கரையிலேயே செய்துவிட்டேன் என்று தோன்றியது. ஜனங்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன், ஏன் அப்படிக் காத்திருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்து நிற்பது சண்டையல்ல. அதுவே ஒரு வரிசை. எனக்கு முன்னால் யார், என் இடம் எது என்பது அவர்களுக்குக் கண்ணால் தெரியவேண்டும். அட்டையில் ஒரு நிறத்தைக் கொடுத்து வேறு அறையில் உட்காரவைத்தால், பிரியாணி தீர்ந்துவிடுமோ என்ற பயம்தான் வளரும்.

வேண்டாம் வேண்டாம் என்றிருந்த மைக்கை வாங்கினேன். "எல்லாரும் அட்டையைக் கீழே போட்டுட்டு பந்திக்கு வாங்க. உட்காருறவங்க உட்காருங்க. ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால ஒருத்தர் நிக்கலாம். ஒருத்தர் மட்டும். குடும்பமா உட்காருறவங்க பின்னால குடும்பமா நில்லுங்க" என்றேன். பிறகு ஏசுபாதம் சாரிடம் போய், "சார், ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேர் நிக்காம நீங்கதான் பாக்கணும். வேற யாராலயும் முடியாது" என்றேன். அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதைத்தானே அன்னைக்கே கேட்டேன்" என்று எழுந்தார். மாமா, அவருக்குக் கண் நான்கு. பின்னால் பசியோடு ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தால் முன்னால் இருப்பவர் கதை பேசி உட்காருவதில்லை. எழும்போது இலையை மடித்து, "வாங்க, உட்காருங்க" என்று நாற்காலியைத் திருப்பிக்கூடக் கொடுக்கிறார். நேற்று அதை முதன்முறையாகக் கவனித்தேன். கடைசிப் பந்தி வரை பிரியாணி இருந்தது. ஜாஸ்மின் ஆன்ட்டி இரண்டு தரம் சாப்பிட்டார். பந்தியில் சண்டை இல்லை.

பந்தியில் இல்லை என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பின்கேட் வழியாக வெளியேறும் ஏற்பாட்டை மட்டும் நான் மாற்றவில்லை. அது நன்றாகத்தான் நடந்தது, செருப்பு ஒன்றைத் தவிர. ஆராதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் செருப்பை ஆலய முன்வாசலில் கழற்றி வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பின்பக்கத் தெருவில் காலை வைத்ததும், கொதிக்கிற தாரில் சபை முழுக்க நடனமாடியது. திரும்ப உள்ளே விட்டால் எதிரும் புதிருமாகிவிடும். பேபி அக்காவும் சங்கத்துப் பெண்களும் வெங்காயம் வந்த கூடைகளில் செருப்புகளை அள்ளிக்கொண்டு வந்து பின்கேட்டில் கொட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்தது, விமான நிலையத்தில் பெட்டி வரும் பட்டையைச் சுற்றி நடப்பதேதான். எல்லாச் செருப்பும் பழுப்பு, எல்லாருக்கும் அது தன்னுடையதோ என்று சந்தேகம். ஏசுபாதம் சாரும் ஜெரோம் அண்ணாவும் ஒரே ஜோடியில் ஆளுக்கு ஒரு காலை விட்டுக்கொண்டு, "என் கால் சொல்லுது சார்", "உன் கால் பொய் சொல்லுதுப்பா" என்று சற்று உரக்கப் பேசியது உண்மை. ஆனால் அது நடந்தது தாம்பரம் மாநகராட்சிக்குச் சொந்தமான சாலையில். உங்கள் நிபந்தனை பந்தியைப் பற்றியது. எங்கள் தொழிலில் ஒப்பந்த எல்லை முக்கியம்.

இனி எந்த ஊருக்குப் போனாலும், கோடு போடுவதற்கு முன்னால் அந்த ஊர் ஜனங்கள் எதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், எதை எங்கே கழற்றி வைக்கிறார்கள் என்று பார்ப்பேன். அதைப் பார்க்க நான் அங்கே போகவேண்டும் மாமா. எனக்குப் பதிலாக வேறு யாராவது போனால் அவர் முதலில் அட்டை அச்சடிப்பார். நான் போவதாக முடிவு செய்துவிட்டேன். ஆனால் அப்பாவின் சம்மதத்தோடு போகவே ஆசைப்படுகிறேன். நீங்கள் சொன்னால் அவர் தட்டமாட்டார். இந்தக் கடிதம் கிடைத்தவுடன், சாப்பிடக்கூட உட்காராமல், அப்பாவிடம் பேசுங்கள்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம். ஜெரூஷா அக்காவுக்கு அன்பு. குழந்தையின் மூக்கு உட்பட எல்லா அவயவங்களுக்கும் கர்த்தருடைய ஆசீர்வாதம் உண்டாவதாக.

உங்கள் அன்பும் பிடிவாதமும் உள்ள மருமகள்,
அபிகாயில்

பின்குறிப்பு: மாமா, கவர் ஒட்டுவதற்குள் அப்பா வந்து மேசைமேல் இருந்த கடிதத்தைப் படித்துவிட்டார். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா என்று நான் கேட்பதற்குள் அவர், "நான் எப்ப வேணாம்னு சொன்னேன்? உங்க மாமாவுக்குப் பிடிக்கலையோன்னுதானே பேசாம இருந்தேன்? அவரை மீறி நான் எப்படிம்மா சரின்னு சொல்றது?" என்றார். நான் கேட்ட அன்றைக்கே தாம்பரத்தில் எனக்கு ஸ்வெட்டர் வாங்கி பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறார். கடைக்காரர் இந்த வெயிலில் யாருக்கு என்று கேட்டாராம். இப்போது அது என் மடியில் இருக்கிறது. ஆகவே தயவுசெய்து அப்பாவிடம் எதுவும் பேசவேண்டாம். நீங்கள் கூப்பிட்டால் அவர் "உங்க இஷ்டம் மச்சான்" என்பார், நீங்கள் "இல்லை, உங்க இஷ்டம்" என்பீர்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து மறுபடியும் மறுத்துவிடுவீர்கள். நான் ரயில் ஏறும் வரை போனைத் தொடாதீர்கள்.