கச்சேரிக்குப் போகாத கார்

“தள்ளப்பா, இன்னும் கொஞ்சம்!” என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நவரத்தினம் கத்தினார்.

பின்னால் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மனைவி சிவலட்சுமி தள்ளினாள். கார் முனகியது, அசைந்தது, நின்றுவிட்டது. பாப்பாமோட்டைச் சந்திகூடத் தாண்டவில்லை. நேற்றுப் பின்னேரம்தான் ஒரு கான் பெற்றோல் ஊற்றியிருந்தார். இப்போது தாங்கி காலி.

சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டு வளவில் மிஞ்சியிருந்தது இந்தக் கிழட்டுக் கார் ஒன்றுதான். செய்த கொம்பனியே எப்போதோ படுத்துவிட்டதாம்; கார் மட்டும் கிடந்து உயிரை வாங்கியது.

போகவேண்டியது மன்னார்க் கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு. கடைசிச் சண்டையில் காணாமல் போன மகன் பார்த்தீபனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க. “எவ்வளவு காலத்துக்கு வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறது?” என்று அழுது, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டவர் நவரத்தினம்தான். சிவலட்சுமி ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

சந்தி மெக்கானிக் பக்கீர் குனிந்து பார்த்தான். “தாங்கி ஒழுகுது அண்ணை.” உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைக் குழைத்து அப்பிவிட்டான்.

அடுத்த கிழமை கார் வீட்டு ஒழுங்கையிலேயே நின்றது.

“காபரேற்றர் பெற்றோலைக் கனக்கக் குடிக்குது,” என்று பக்கீர் எதையோ முறுக்கினான்.

“யப்பான்காரன்ரை புதுக் கார் பெற்றோலை மணந்து பாத்தே மன்னாருக்குப் போய் வருதாம். இந்தச் சனியன் கள்ளுக்கொட்டில்காரன் மாதிரிக் குடிக்குது!” என்று நவரத்தினம் பொருமினார்.

“அப்ப பாரத்தைக் குறையுங்கோ.”

பின் சீற்றைக் கழற்றி எறிந்தார் நவரத்தினம். சிவலட்சுமிக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை. முதல் பள்ளத்திலேயே கதிரை மல்லாந்தது. ஊரே சிரித்தது. அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் காரும் நின்றிருந்தது.

நவரத்தினத்துக்கு ரோசம் வந்துவிட்டது. “பெற்றோலே வேண்டாம். சண்டைக்காலத்திலை மண்ணெண்ணெயிலை ஓடின கார்தானே!”

மறுநாள் காலை மண்ணெண்ணெயை ஊற்றி, காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு முடுக்கினார். அட, பிடித்துக்கொண்டது! ஆனால் கிளம்பிய புகையில் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. எதிரே ஒன்றும் தெரியவில்லை. கார் நேரே பக்கீரின் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பூவரச மரத்தில் முட்டி நின்றது.

முகமெல்லாம் கரியோடு நவரத்தினம் இறங்கி நிலத்தில் குந்தினார். அழுகை வந்துவிட்டது.

“பெத்த பிள்ளைக்கு இந்த ஒரு கடமையைச் செய்யவும் விடுதில்லையே! பக்கீர், இதைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துப்போடு. நாளைக்கு நாங்கள் பஸ்ஸிலை போறம்.”

“பஸ்ஸிலையோ?” என்றாள் சிவலட்சுமி. அவ்வளவுதான். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தாள்.

பக்கீர் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். எண்ணெய்க் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான்.

“காரிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை, நீங்கள் கச்சேரிக்கு வெளிக்கிடுற நாளெல்லாம் விடியமுன்னம் அக்காதான் பெற்றோலை இறக்கிக் கொண்டுவந்து என்னட்டைத் தந்திட்டு, ‘இவர் அங்கை போய்ச் சேர்ந்தால் என்ரை பிள்ளை செத்துப்போடுவான் பக்கீர்’ எண்டு அழுறவா.”