மாமா பெயருக்குள் ஒரு கோடு

8 ஆகஸ்ட் 2025, வெள்ளி, பிற்பகல் மணி 3.10. சோதனைகள் அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றும் பாஸ்.

மதிப்பிற்குரிய சின்னையா மாமாவுக்கு, சிவநேசன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். அங்கு சுகமா என்று கேட்கவில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவரிடம் அதைக் கேட்பது அநியாயம். நீங்கள் போன் எடுக்காததால் உங்கள் மகள் மோகனாவுக்கு அனுப்புகிறேன். அவளை வாசிக்கச் சொல்லுங்கள்.

"கறுப்புத் திரையில என்னத்தடா தட்டுற" என்று கேட்டீர்களே, அதுதான் விஷயம். எங்கள் புரோகிராமுக்குப் பட்டன், படம் எதுவும் கிடையாது. கட்டளையைத் தட்டினால், லேப்பில் இருந்து வரும் ரத்த ரிசல்ட்டை அவரவர் பெயர் ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும். இதுவரை ஆள் கையால் போட்டுவந்த உங்கள் பட்டர்வொர்த் டயாலிசிஸ் சென்டருக்கும் இன்று ஐந்து மணிக்கு இது முதல்முறையாகப் போகிறது. சின்னையா a/l வீரப்பன் என்கிற பெயரில் 'மகன்'னு காட்ட நடுவுல போட்ட a/l-ல அந்தச் சாய்ந்த கோடு இருக்கே, கம்ப்யூட்டருக்கு அது 'ஃபோல்டருக்குள்ள இன்னொண்ணு'ன்னு அர்த்தம், அதனால உங்க ரிசல்ட் 'சின்னையா a'ன்னு ஊர்ல இல்லாத ஆளுக்குப் போயிடும், உங்க ஃபோல்டர்ல போன மாசத்து நல்ல ரிசல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும், பொட்டாசியம் ஏறினது யாருக்கும் தெரியாது, ஏறினா நெஞ்சு நின்னுடும்னு உங்க டாக்டரே சொல்லியிருக்கார். போன வாரமே இதைத் திருத்திட்டேன். ஆனா அறுபத்து மூணு தடவையும் சோதிச்சது சட்டியில இருக்கிறதை, அனுப்புறது பொட்டலத்தை. நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வாங்கினா பிரிச்சுத்தானே சம்பல் இருக்கான்னு பார்ப்போம்? நானும் பிரிச்சேன், புது மெஷின்ல போட்டு உங்க பேரைத் தட்டினேன். உள்ளே திருத்தாத பழைய புரோகிராம். பொட்டலம் கட்டின இக்மல் சொல்றான், "பின், பிந்தி போட்ட எங்க மலாய்ப் பேரெல்லாம் நல்லாத்தான் ஓடுது லா. உங்க ஆளுங்க ஏன் பேருக்குள்ள கோடு போடுறீங்க?" "நானா போட்டேன்? பொறந்தப்பவே போட்டுட்டாங்க." மேனேஜர் ஷஹீரா அக்கா, "அறுபத்து மூணு பாஸ் தம்பி, இன்னும் என்னதான் வேணும்?"ங்கிறாங்க. நான் கையெழுத்துப் போடலை. போடாம வெளியே போகாது. பயப்படாதீங்க, நிறுத்திட்டேன்.

அத்தைக்கு வணக்கம். தண்ணீர்மலை முருகன் உங்கள் பொட்டாசியத்தைக் கட்டுக்குள் வைக்கட்டும்.

சிவநேசன்

பி.கு.: 'நிறுத்திட்டேன்' என்றதை மகளிடம் சொல்லி அடித்துவிடுங்கள். இதைத் தட்டிக்கொண்டிருந்தபோதே அக்கா என் இடத்தில் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க. வாய்ச்சண்டையில வேலையும் போச்சு. ஆகவே:

1. இப்பவே பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி ஏறுறேன்.

2. சென்டர் திரையை யாரையும் நம்ப விடமாட்டேன். லேப்புக்கே போன் போட்டு பேருல a/l, இல்ல மகள்னு காட்டுற a/p உள்ள எல்லாருக்கும் ரிசல்ட்டைத் தாள்ல வாங்குவேன்.

3. வேலை போனதை அம்மாகிட்ட நானே சொல்லுவேன். நீங்க வாயைத் திறக்காதீங்க.

4. வந்ததும் உங்க வீட்டு வாழைப்பழச் சீப்பைத் தூக்கி வெளியே போடுவேன், அது பூரா பொட்டாசியம். அதுக்குள்ள ரிசல்ட் நல்லாயிருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது போன மாசத்து மாமா.